இரண்டாவது தடவை கேட்பாள்

மார்ச் 9, சனி

கன்னத்தில் ஒரு நீலப் பூவோடு இன்று மளிகைக் கடை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்தேழு. எடையை எனக்கு நானே எழுதிக்கொள்ளும் இடத்தில்கூடச் சொல்வதாக இல்லை.

நடந்தது இதுதான். சர்ச் அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பூ வேலை வகுப்பில், நான் வரைந்துகொண்டிருந்த மரத்தட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். பெயின்ட் காயவில்லை. தட்டில் இருந்த பூ கன்னத்துக்குக் குடிபோய்விட்டது. சொல்லக் கூடாது, தட்டில் இருந்ததைவிடக் கன்னத்தில் எடுப்பாக இருந்தது. அப்படியே கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன், வெங்காயம் வாங்கினேன், இறைச்சிப் பெட்டியருகே எங்கள் பாதிரியாரோடு வானிலை பேசினேன். காசு வாங்கும் பெண் என் கன்னத்தைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், மறுபடி கன்னத்தைப் பார்த்தாள். "பை வேணுமா?" என்றாள். ஒருவர் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் தலையில் தீப்பிடித்து நடந்தாலும், "இன்னிக்குக் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு, இல்ல?" என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில் மெரில் எனக்கு எதிரே உட்கார்ந்து சூப்பை முழுதாகக் குடித்து முடித்தான். பிறகுதான் கை கழுவப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன்.

"ஏன் சொல்லல?"

"வகுப்புல எல்லாருக்கும் போட்டுவிட்டாங்களோன்னு நெனச்சேன்," என்றான் என் கணவன். "நல்லாத்தான் இருக்கு."

ஏன் இப்படித் தூங்குகிறேன் என்று கேட்டால், டிசம்பரில் மெரிலின் மார்பைத் திறந்து மூடினார்கள். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடமெல்லாம் படுக்கை. பகலில் பள்ளிக்கூடச் சமையலறை, மாலையில் அவன் மாத்திரை, அவன் நடை, அவனுடைய உப்பில்லாச் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் இன்று தன் வீட்டு வாசல் பனியைத் தள்ளக் கூடாது. ஜன்னலருகே நின்று நான் தள்ளுவதைப் பார்ப்பான். சைகை வேறு காட்டுவான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்டது தண்ணீர் அல்ல. "ஆர்டிஸ், நார்வே போலாமா?" என்று கேட்டான். என்னிடம் அவன் எதையுமே கேட்டதில்லை. பிறந்த நாளைக்கு என்ன வேண்டுமென்றால் "சாக்ஸ் இருக்கே" என்பவன். அவன் கொள்ளுத்தாத்தா அமெரிக்காவுக்குக் கப்பலேறுமுன் இருந்த ஸ்டோர்லி பண்ணை வீட்டில் ஒரே ஒரு நாள் காலை கண் விழிக்க வேண்டுமாம். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டாம், மலை வேண்டாம், மியூசியம் வேண்டாம். அந்த வீட்டில் ஒரு காலை. அவ்வளவுதான்.

ஜூனில் போகிறோம். தட்டு அங்கே இருக்கும் டோர்ஹில்டுக்கு. மெரிலின் குடும்பப் பேரும் ஸ்டோர்லிதான்; கடலுக்கு அந்தக் கரையில், பண்ணையிலேயே தங்கிவிட்ட கிளை அவள்.

மார்ச் 10, ஞாயிறு

சோப்புப் போட்டும் போகவில்லை. சர்ச்சில் இரண்டு பேர் நான் இன்று பளிச்சென்று இருப்பதாகச் சொன்னார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று காலை டோர்ஹில்டோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோம். மெரில் சட்டை மாற்றிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே பைஜாமாதான், அது திரையில் தெரியாது. அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, பின்னணியில் ஆடு கத்துகிறது. ஆங்கிலம் சுத்தமாகப் பேசுகிறாள். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மெத்தை கிடையாது, எல்லாம் பலகை.

விமானம், தேதி எல்லாம் பேசி முடித்ததும் சொன்னாள்: "மாடியில ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. இங்கயே தங்கிக்கிறீங்களா?"

மெரிலின் காது சிவந்தது. அவன் சந்தோஷப்பட்டால் காதுதான் முதலில் சிவக்கும். மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து நசுக்கினான்.

"ஐயையோ, வேண்டாங்க," என்றான். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ஆமாமா," என்றேன் நான், விட்டுவிடுவேனா? "நாங்க எங்கயாவது பாத்துக்குவோம்."

"சரி," என்றாள் டோர்ஹில்ட். "ஜூன்ல கொசு இருக்கும். மருந்து எடுத்துட்டு வாங்க."

முடிந்தது. திரை கறுத்த பிறகும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரின்னுட்டாளே," என்றான் மெரில்.

மார்ச் 18, திங்கள்

நாங்கள் என்ன தப்புச் செய்தோம்? முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பதுதானே மரியாதை? இரண்டாம் தடவை கேட்டால், "அட, சிரமப்படாதீங்க." மூன்றாம் தடவை கேட்டால், "போட்டாச்சுன்னா அரைக் கப் மட்டும்." அதன் பிறகு பானையே காலியாகும்வரை குடிக்கலாம். நடக்கப் பழகியபோதே இதையும் பழகிவிட்டோம். என் கல்யாணமே இப்படித்தான் நடந்தது. மெரில் கட்டிக்கிறியா என்று கேட்டான். நான், "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். அவனும் இந்த ஊர்க்காரன் என்பதால் மறுபடி கேட்டான். நார்வேக்காரனைக் காதலித்திருந்தால் இன்றைக்கும் கன்னிதான்.

"ரெண்டாவது தடவை கேப்பா," என்றான் மெரில், தன் உப்பில்லா முட்டையைப் பார்த்தபடி. "உடனே கேட்டா நல்லா இருக்காதில்ல. நாலு நாள் விட்டுக் கேப்பா."

மார்ச் 30, சனி

கேட்கவில்லை.

வகுப்பு. பூ வேலை சொல்லித் தருபவள் வெர்னெல், என் பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. தோழி என்பதற்கு எதிரி என்றும் ஒரு பொருள் இருந்தால் அதுவும் அவள்தான். தூரிகையை ஒரே மூச்சில் சுழற்றி இழுத்தால் கொடி சுருள வேண்டும். அவள் இழுத்தால் சுருள்கிறது. நான் இழுத்தால் பன்றி வால்.

"பூவா அது, முட்டைக்கோஸா?" என்றாள்.

"பூ."

"வித்தியாசமா இருக்கு." எங்கள் ஊரில் "வித்தியாசமா இருக்கு" என்றால் அடுப்பில் போடு என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று எழுதிவைக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரம் நான் யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கவில்லை. சிவப்பில் கொஞ்சம் மஞ்சளைத் தொட்டு, அது பழுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகு வலித்தது. வலித்தால் என்ன? வேறு எதற்கோ வலிப்பதைவிட இதற்கு வலிப்பது தேவலை.

வெர்னெல் நாலு வருடம் முன்பு நார்வே போய்வந்தவள். அவள் சொந்தக்காரர்கள் அவளை வீட்டைவிட்டு நகரவே விடவில்லையாம். "ஒன்பது ராத்திரி. போறேன் போறேன்னா விட்டாத்தானே? நீங்க எங்க தங்கறீங்க, ஆர்டிஸ்?"

"பேசிட்டிருக்கோம்," என்றேன். பன்றி வாலுக்கு இன்னொரு சுற்று விட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

டோர்ஹில்ட் ஆட்டுக்குட்டி படம் அனுப்பியிருக்கிறாள். படத்துக்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை. நல்ல குட்டி.

ஏப்ரல் 13, சனி

அவளிடமிருந்து செய்தி வந்தது. மெரில்தான் முதலில் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தான். நீட்டினான்.

பண்ணையிலிருந்து காரில் இருபது நிமிடத்தில் ஒரு ஓட்டல் இருக்கிறதாம். சுத்தமாம். காலைச் சாப்பாட்டுக்கு மீன் உண்டாம். ஜூனில் இடம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் பதிந்துவிடுங்கள் என்று அக்கறையாக எழுதியிருக்கிறாள்.

"நல்ல மனசு அவளுக்கு," என்றான் மெரில். பதிந்தான். பிறகு கார் ஷெட்டுக்குப் போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த ஸ்பேனர்களை வேறு மாதிரி அடுக்கினான். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவனே சொன்னான், நான் கேட்பதற்கு முன்பே. அதுதான் பயமாக இருக்கிறது.

எனக்கு யார் மேல் கோபம்? அவள் மேலா? கேட்டவள் அவள். வேண்டாமென்றவன் அவன். ஒத்து ஊதினவ நான். என்னத்தச் சொல்ல. வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. வேலை முடிந்து வந்து மெரிலைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் பாதிப் பேர் கரையில் காரை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிகள் ஒன்றோடொன்று உரசும்போது யாரோ கண்ணாடித் தம்ளர்களை அலமாரியில் அடுக்குகிற சத்தம். பிளாஸ்க்கில் காபி. ஒரே பிஸ்கட், அதையும் பாதியாக உடைத்தோம்.

"இது மாதிரிதான் இருக்கும் அங்கயும்," என்றான். "மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தா தண்ணி தெரியும்னு எங்கப்பா சொல்லுவார்."

"உங்கப்பா பாத்ததில்லையே."

"அவரோட அப்பா சொன்னது."

"அவரும் பாத்ததில்லையே."

"தண்ணி தெரியும், ஆர்டிஸ்."

திரும்பும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. காரிலிருந்து வாசல்வரைதான் நடை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக நடப்போம்.

மே 4, சனி

ஜாடையாகச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவுசெய்து ஒரு வாரமாக டோர்ஹில்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் இவ்வளவு ஜாடை காட்டினால் எதிராளி தன் கட்டிலையே காலி செய்து கொடுத்திருப்பான்.

நான்: உங்கள் பக்கம் காலை வெளிச்சம் ரொம்ப அழகு என்று கேள்விப்பட்டோம்.
அவள்: ஆமாம்.

நான்: ஓட்டல் கட்டில் எல்லாம் எப்படி இருக்குமோ. மெரிலுக்கு முதுகு வேறு.
அவள்: நல்ல கட்டில். என் அண்ணன் தூங்கியிருக்கிறான்.

நான்: ஆடு கத்துகிற சத்தம் கேட்டுக் கண் விழிப்பது தனிச் சுகம், இல்லையா?
அவள்: இல்லை.

தட்டுக்கு இரண்டாம் பூச்சு போட்டேன். இலை நன்றாக வந்திருக்கிறது. பூவைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

மே 11, சனி

உடம்பு முழுக்க ஈரத் துணி போல் கனம். நேற்று பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. வகுப்புக்குப் போகவில்லை. தூங்கினேன்.

மே 25, சனி

இதை எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

வெர்னெல் தோட்டத்து ரூபார்ப் தண்டில் கேக் செய்துகொண்டு வந்தாள். புளிப்பும் இனிப்புமாக, மேலே சர்க்கரை மொறுமொறுவென்று. மெரில் தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில்.

"இன்னொரு துண்டு?"

"வேண்டாம் வெர்னெல்."

"சின்னதா?"

"அட, உனக்கு எதுக்கு..."

"ஆர்டிஸ், வை தட்டை."

தட்டை வைத்தேன். வைத்த கையோடு அழுதுவிட்டேன். கேக் தின்றுகொண்டே அழுவது பார்க்க லட்சணமாக இருக்காது, எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். டோர்ஹில்ட் கேட்டது, நாங்கள் வேண்டாமென்றது, அவள் சரி என்றது, இரண்டு மாதத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருப்பது. கார் ஷெட்டில் ஸ்பேனர் அடுக்குவது.

வெர்னெல் மேசையில் சிந்திய சர்க்கரையை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"என்னையும் ஒரு தடவைதான் கேட்டாங்க," என்றாள்.

"என்ன?"

"வேண்டாம்னேன். விட்டுட்டாங்க. ஒன்பது ராத்திரியும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்ல இருந்தேன். பகல்ல போய்ப் பாத்துட்டு வருவேன். அந்த வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட்டு வச்சிருந்தாங்க, ஆர்டிஸ், கடைசி நாள்தான் காட்டினாங்க. விரிப்பெல்லாம் விரிச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீ இதை வெளிய சொன்னா, உன் முட்டைக்கோஸை சர்ச் கண்காட்சியில முன்வரிசையில வச்சிருவேன்."

சொல்ல மாட்டேன். இங்கே மட்டும் எழுதுகிறேன். நாலு வருடமாக இவள் ஒன்பது ராத்திரிக் கதையைக் கேட்டுப் பொறாமையில் வெந்திருக்கிறேன். இன்றைக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. விரித்து வைத்த கட்டில்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

மே 26, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

சர்ச்சுக்குப் போகுமுன், மெரில் குளிக்கிற நேரம், காருக்குள் உட்கார்ந்து போனில் முகம் தெரியும்படி கூப்பிட்டேன். ஏதோ கள்ளக்காதலனைக் கூப்பிடுகிற மாதிரி நெஞ்சு அடித்தது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"டோர்ஹில்ட், நான் ஆர்டிஸ். மெரிலோட..."

"தெரியுது, முகம் இருக்கே."

"மாடியில அந்த ரெண்டு ரூம் இருக்கில்ல..."

"இருக்கு."

"நாங்க அங்க தங்கலாமா?"

ஆடுகூடக் கத்தவில்லை.

"நான் கேட்டேனே," என்றாள். "நீங்க வேண்டாம்னீங்க."

"வேணுங்கிறதாலதான் வேண்டாம்னோம்."

"புரியல."

"மறுபடி கேப்பீங்கன்னு இருந்தோம்."

"எதுக்கு மறுபடி? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"எங்க ஊர்ல மூணு தடவை கேக்கணும். முதல் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும்."

கொஞ்சம் யோசித்தாள். "நிஜமாவே வேண்டாம்னா என்ன சொல்வீங்க?"

"அப்பவும் வேண்டாம்னுதான்."

"அப்ப எதிர்ல இருக்கறவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"கண்டுபிடிக்க மாட்டாங்க. போட்டதைத் தின்னுட்டு வீட்டுக்கு வந்துடுவோம்."

சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை. அதற்குள் என் வாய் என் பேச்சைக் கேட்காமல் தானாகப் போய்விட்டது. "அவனுக்கு நெஞ்சைத் திறந்திருக்காங்க, டோர்ஹில்ட். கண்ணு முழிச்சு அவன் கேட்டது இது ஒண்ணுதான். உங்க வீட்ல ஒரு காலை எந்திரிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. எனக்கு... எனக்கு ரொம்ப அசதியா இருக்கு, சுத்தி வளைச்சுப் பேச முடியல."

"சரி," என்றாள். அதே சரி. "போர்வை காயப் போடறேன். ஓட்டலை ரத்து பண்ணிடுங்க."

சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. தூங்கிவிட்டேன். இந்தத் தடவை நல்ல தூக்கம்.

மே 27, திங்கள்

மெரிலிடம் சொன்னேன். வெளுத்துப் போனான். டாக்டரைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன்.

"நீயா கேட்ட? நேரா?"

"நேரா."

"அவ என்ன நெனச்சிருப்பா?"

"வரப்போறாங்கன்னு நெனச்சிருப்பா."

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு காதும் சிவந்தன. இன்று மாலை நடையில் ஒரு வீடு கூடுதலாக நடந்தான், நான் சொல்லாமல்.

பிறகு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. "அங்க சாப்பிட உக்காந்தா, முதல் தடவையே சரின்னு சொல்லணுமா?" ஆமாம், இல்லாவிட்டால் பட்டினிதான். சரி, பழகுவோம் என்று மேசையில் உட்கார்ந்தோம். நான் டோர்ஹில்ட், அவன் அவனே.

"காபி?"

"வேண்... வந்து... போட்டாச்சுன்னா..."

"மெரில்."

"சரி." சொல்லிவிட்டுத் திருடியவனைப் போல் முகத்தை மூடிக்கொண்டான். மறுபடி. மறுபடி. சிரித்துச் சிரித்து அவனுக்குத் தையல் போட்ட இடத்தில் வலித்தது. எவ்வளவு நாளாயிற்று இந்த வீட்டில் இப்படி.

ஜூன் 8, சனி

தட்டு முடிந்தது. வார்னிஷ் காய்ந்தது. வெர்னெல் வந்து கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். "மோசமில்ல," என்றாள். எங்கள் ஊரில் இதற்குமேல் பாராட்டுக் கிடையாது; கண்ணீர் முட்டியது. மெரிலின் பனியன்களில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். மாத்திரைகள் ஒரு பை. கொசு மருந்து. பெட்டியின் மேல் உட்கார்ந்து மூட வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு மட்டும் என் உடம்பு தோதான உடம்பு.

கால் வீங்கியிருக்கிறது. இந்தப் பயணம் முடிந்ததும் ஒரு மாதம் படுத்தே கிடக்கப் போகிறேன். யாரும் என்னை எழுப்பக் கூடாது.

ஜூன் 19, புதன், ஸ்டோர்லி

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். டோர்ஹில்ட் வாசலில் நின்று கை குலுக்கினாள், பெட்டியை வாங்கிக்கொண்டாள், மேலே போகும் படியைக் காட்டினாள். தட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சுவரில் ஆணி அடித்து உடனே மாட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆணி அடித்ததே போதும்.

இன்று காலை நான் கண் விழித்தபோது மெரில் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தான். காலில் ஒற்றை சாக்ஸ். தண்ணீர் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது, இரண்டு சரிவுகளுக்கு நடுவே, ஒரு துண்டு. அவன் தோள் குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவளைப் போல் படுத்திருந்தேன். அவன் அழுததை நான் பார்த்ததாக அவனுக்குத் தெரிய வேண்டாம். அவனாகத் திரும்பி, "காபி வாசனை வருது," என்றான். மூச்சு வாங்காமல் படியிறங்கினான்.

இப்போது வெளியே வேலியில் சாய்ந்து ஆடுகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். கைக்கு அகப்பட்ட கல்லையெல்லாம் தொட்டுப் பார்க்கிறான்.

கப் துடைத்துக் கொடுத்துக்கொண்டே டோர்ஹில்டிடம் கேட்டேன், பேச்சுக்குத்தான்: "நம்ம ரெண்டு குடும்பமும் எந்த வழியில சொந்தம்?"

"சொந்தமில்லையே," என்றாள். "அவரோட கொள்ளுத்தாத்தா இங்க கூலி வேலைக்கு இருந்தவர். ரெண்டு கோடை. கப்பல் ஏறறப்போ பண்ணைப் பேரைக் குடும்பப் பேரா வச்சுக்கிட்டார். அப்பல்லாம் அது வழக்கம்."

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்களைத் தங்கச் சொன்னீங்க?"

புத்தி மந்தமான ஆட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "ரூம் சும்மா கெடந்துதே."

கப்பை வாங்கிக் கவிழ்த்தாள். கூலிக்கு இருந்தவர்கள் அதோ அந்தக் கொட்டகைப் பரணில்தான் படுப்பார்கள் என்றாள். தண்ணீர் தெரிகிற இந்த வீட்டு மாடிக்கு மெரிலின் கொள்ளுத்தாத்தா ஏறியிருக்கவே மாட்டாராம்.